ஒரே கார், இரண்டு டைனோ ஷீட்: 211-ஆ, 232-ஆ?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் மச்சான் போன ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி லாஸ்பேட்டைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் இரண்டு டைனோ ஷீட், அதாவது வண்டியை ஒரு இயந்திரத்தில் ஓட்டிப் பவரை அளந்து அச்சடித்த தாள். மே மாதம் சென்னையில் எடுத்த டைனோ ஷீட்டில் சக்கரத்தில் 211 ஹார்ஸ்பவர். டிசம்பரில் பெங்களூரில் எடுத்ததில் 232. இடையில் அவன் செய்த ஒரே வேலை, கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு விலை உயர்ந்த இன்டேக் (எஞ்சின் காற்று இழுக்கும் பாதை) ஒன்றை மாட்டியது. "21 ஏறியிருக்கு மாமா, போட்ட காசு வீண் போகல" என்றான். வண்டி ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்245. எஞ்சினில் 245 பிஎஸ், 370 நியூட்டன் மீட்டர் என்பது கம்பெனிக் கணக்கு.

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ உள்ள வண்டியில் இன்டேக் மட்டும் மாற்றி 21 வந்ததென்றால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

பெரிய எண்ணை விட்டுவிட்டு மூலையில் சிறிய எழுத்தில் இருப்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும். சென்னைத் தாளில் 38 டிகிரி வெப்பம், காற்றழுத்தம் 1004 மில்லிபார், கரெக்‌ஷன் 1.05. பெங்களூர்த் தாளில் 25 டிகிரி, 912 மில்லிபார், கரெக்‌ஷன் 1.12. இரண்டுமே எஸ்ஏஇ ஜே1349 முறை. 25 டிகிரி வெப்பம், 990 மில்லிபார் உலர்ந்த காற்று இருந்தால் இந்த எஞ்சின் எவ்வளவு தரும் என்று கணக்குப் போட்டு, அளந்த எண்ணை அந்த அளவுக்கு உயர்த்தியோ குறைத்தோ அச்சடிப்பது அது. நம் கடலோரத்து மே மாதத்தில் வெயிலோடு புழுக்கமும் சேர்கிறது. 38 டிகிரியில் ஈரப்பதம் பாதி இருந்தாலே நீராவி மட்டும் 33 மில்லிபார் அளவுக்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆக்சிஜன் உள்ள உலர்ந்த காற்றுக்கு அந்த அளவு இடம் குறையும். அதே கடலோரத்தில் ஜனவரி விடியற்காலை 22 டிகிரியில் அளந்தால் கரெக்‌ஷன் ஏறக்குறைய 1.00-க்கு வந்துவிடும். பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றே மெலிசு. அதனால்தான் 12 சதவீதம் கூட்டியிருக்கிறார்கள்.

டர்போ இல்லாத பழைய ஹோண்டா சிட்டி விடெக் போன்ற வண்டிக்கு இந்தக் கூட்டல் நியாயம். மெலிந்த காற்றில் அது உண்மையிலேயே அவ்வளவு இழக்கிறது. டர்போ வண்டி அப்படி இல்லை. வெளிக்காற்று மெலிந்தால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியு டர்போவை இன்னும் வேகமாகச் சுழலவிட்டு, இழந்ததில் பெரும்பகுதியை மீட்டுவிடும். மீட்ட பிறகும் தாளில் 12 சதவீதம் கூட்டினால் அது இனாம். கரெக்‌ஷனால் வகுத்துப் பார்த்தோம்: 232 என்பது 207 ஆனது, 211 என்பது 201. இருபத்தொன்று ஆறாகிவிட்டது. அந்த ஆறும் மே மாத வெக்கையில் இசியு இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்ததால் (ஸ்பார்க்கைத் தாமதமாக்கிப் பவரைக் குறைத்ததால்) வந்த வித்தியாசமாக இருக்கலாம்.

இயந்திரமும் வேறு வேறு. பெங்களூரில் இருந்தது இனர்ஷியா ரோலர். எடை தெரிந்த கனமான உருளையை வண்டி எவ்வளவு சீக்கிரம் சுழற்றுகிறது என்பதிலிருந்து பவரைக் கணக்கிடும். எளிமையானது, ஆப்பரேட்டர் கைவைக்க இடம் குறைவு, திரும்பத் திரும்ப அளந்தாலும் எண் பெரிதாக மாறாது. ஆனால் சில விநாடிகளில் ஓட்டம் முடிந்துவிடும். எடை குறைந்த அலாய் வீல் மாட்டினால்கூட எஞ்சினில் எதுவும் மாறாமல் எண் கொஞ்சம் ஏறும். சென்னையில் இருந்தது எடி கரண்ட் (மின்காந்த) பிரேக்கால் உருளைக்குப் பளு கொடுக்கும் லோட் ரோலர். 3000 ஆர்பிஎம்மில் வண்டியைப் பிடித்து நிறுத்தி, சாலையில் ஏறுவது போலவே பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏற விடலாம். ட்யூனிங் செய்ய எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் எவ்வளவு பளு, எவ்வளவு நேரம் என்பதை ஆப்பரேட்டர் வைப்பதால் கடைக்குக் கடை எண் மாறும். பொதுவாக இனர்ஷியாவைவிடக் குறைவாகவே காட்டும். சக்கரத்தைக் கழற்றி ஹப்பில் நேராக மாட்டும் ஹப் டைனோவில் டயர் வழுக்குவதும் இல்லை, டயர் தின்னும் பவரும் இல்லை. மிகச் சுத்தமான அளவு. ஆனால் அந்த எண்ணை ரோலர் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

பெங்களூர்த் தாளின் அடியில் 'கிராங்க் 273' என்று, அதாவது எஞ்சினிலேயே அவ்வளவு பவர் என்று, வேறு போட்டிருந்தார்கள். சக்கரத்து எண்ணை 0.85-ஆல் வகுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கியர்பாக்ஸ் தின்னும் பவரில் ஒரு பகுதி எப்போதும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ரீமேப் செய்து (இசியு மென்பொருளை மாற்றி) பவர் கூடினால் இழப்பும் அதே சதவீதத்தில் வளரும் என்று வைத்துக்கொள்வது தவறு. ஓட்டம் முடிந்ததும் கிளட்சை மிதித்து உருளவிட்டு இழப்பை நேராக அளக்கும் இயந்திரங்கள் உண்டு. அப்படி அளந்திருந்தால் மட்டும் கிராங்க் எண்ணைப் பொருட்படுத்துவேன். எஸ்டிடி என்ற முறையில் அச்சடித்த தாளும் சிலர் தருவார்கள். அது எஸ்ஏஇயைவிட ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும்.

மச்சான் முகம் வாடிப்போனது. அவன் போட்ட காசு வீண் என்று நான் சொல்லவில்லை. இந்த இரண்டு தாளை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதனால் சென்னையில் அதே லோட் ரோலருக்கு இருவரும் விடியற்காலையில் போகப்போகிறோம். அதே கியர், அதே டயர் காற்று. கம்பெனி ஏர் பெட்டியோடு மூன்று ஓட்டம், அங்கேயே கழற்றி இன்டேக்கை மாட்டி மூன்று ஓட்டம், கரெக்‌ஷன் இல்லாத எண் மட்டும். பழைய பெட்டி அவன் வீட்டுப் பரணில் கிடக்கிறதாம். இறக்கித் தூசி தட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.