பழைய சுவிட்சுக்குப் பின்னால் மாட்யூலா, புது டச் பேனலா?

ஒரு ஃபேனும் லைட்டும் போனில் ஆன்-ஆஃப் ஆனால் போதும் என்றால், இருக்கிற சுவிட்சுக்குப் பின்னால் 2 சேனல் ரிலே மாட்யூல் (வைஃபையில் இரண்டு லைன்களை ஆன்-ஆஃப் செய்யும் சின்னப் பெட்டி) வைப்பதே மலிவு. டச் பேனலின் பலம், ஃபேன் ஸ்பீடையும் போனிலேயே மாற்றலாம் என்பது.

இரண்டுக்குமே பெரும்பாலும் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) வேண்டும். பிளக் பாயிண்ட் உள்ள போர்டில் அது ஏற்கெனவே இருக்கும். லைட் சுவிட்ச் மட்டும் உள்ள போர்டில் பல வீடுகளில் இருக்காது. அதற்காக எர்த் ஒயரை நியூட்ரலாகப் பயன்படுத்தாதீர்கள். ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகும். எர்த் சரியில்லாத வீட்டில் ஃப்ரிட்ஜ் பாடியில் ஷாக் அடிக்கலாம்.

மாட்யூல் என்றால் எம்சிபியை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, ஃபேஸ், நியூட்ரல் கொடுங்கள். பழைய சுவிட்சுகளின் ஒயர்கள், மாட்யூலோடு வரும் படத்தில் காட்டியபடி, எஸ்1, எஸ்2 என்ற சுவிட்ச் முனைகளுக்கு. ட்ரை கான்டாக்ட் வகையில் (சுவிட்ச் முனைகளுக்கு மெயின் கரண்ட் வரக்கூடாத வகை) பழைய ஃபேஸ் ஒயரைச் சுவிட்சிலேயே விட்டுவிட்டால், மாட்யூல் புகைந்துவிடலாம்.  ஃபேன் அவுட்புட் ரெகுலேட்டர் வழியாகத்தான் போக வேண்டும். ஸ்பீடைக் கையால்தான் மாற்ற முடியும்.

ஃபேன் ஸ்பீடு உள்ள பேனலில் அதற்கான அமைப்பு உள்ளேயே உண்டு, ரெகுலேட்டரைக் கழற்றிவிடலாம். விட்டுவைத்தால் ஃபேன் மந்தமாகலாம். லைட் டிம்மரில் (லைட் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அவுட்புட்) ஃபேனைக் கொடுத்தால் உறுமும். பிஎல்டிசி ஃபேன் (ரிமோட்டில் இயங்கும், கரண்ட் குறைவாக எடுக்கும் ஃபேன்) உள்ளவர்கள் ஸ்பீடுக்காக பேனலுக்குச் செலவழிப்பது வீண்: அதற்கு வெறும் ஆன்-ஆஃப் லைன் போதும், ஸ்பீடு அதன் ரிமோட்டில்தான்.

மெட்டல் பாக்ஸுக்குள் அடைத்த மாட்யூலுக்கு வைஃபை தடுமாறும்.