தாய்மாமனைச் சுற்றி ஒரு வட்டம்: டாவின்சி ரிசால்வில் ஹைலைட் செய்த அனுபவம்

கொழிஞ்சாம்பாறையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி பாலக்காடு போகிற வழியில் இருக்கிற ஊர். பெண் வீட்டில் தமிழ், மாப்பிள்ளை வீட்டில் மலையாளம் என்பது இங்கே சாதாரணம். வீடியோ எடிட் செய்யும் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பை 17ஆம் பதிப்பு வந்ததிலிருந்து பயன்படுத்துகிறேன். இத்தனை வருடத்தில் எனக்கு அதிகம் வேலை வைத்தது ஒன்றே ஒன்றுதான்: கூட்டத்துக்கு நடுவே ஒருவரை மட்டும் எடுப்பாகக் காட்டுவது.

ஆரம்பமே அவமானம். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் தாய்மாமன் மூன்றாவது வரிசையில் மாட்டிக்கொண்டார். வீடியோவில் மாமன் முகமே தெரியவில்லை என்று அவர்கள் வீட்டில் சண்டை. சரி என்று அவர் முகத்தைச் சுற்றி வட்டம் போட்டு, உள்ளே வெளிச்சத்தை நன்றாகக் கூட்டிக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, நகைக்கடைத் திருடன டிவில காட்டற மாதிரியே என்னையக் காட்டிருக்கறயே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், பாக்கிப் பணம் வர வேண்டுமே.

அவர் சொன்னது சரிதான். மண்டபத்து வெளிச்சத்தில் எடுத்த படத்தில் ஒரு இடத்தை மட்டும் தூக்கினால், அங்கே ஒளிந்திருந்த புள்ளிப் புள்ளியான இரைச்சலும் சேர்ந்து மேலே வந்துவிடும். அதைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பில்தான் உண்டு. அதனால் இப்போது முகத்தைத் தொடுவதே இல்லை, சுற்றியிருப்பதை இருட்டாக்குகிறேன். நிறத்தைச் சரிசெய்யும் கலர் பக்கத்தில் ஒரு நோடில் (திருத்தத்தின் ஒரு படி) வட்ட விண்டோவை, அதாவது திருத்தத்துக்கு எல்லை போடும் வட்டத்தை, முகமும் தோளும் அடங்கும்படி வைத்து, அதன் ஓரத்தை மங்கலாக்கும் சாஃப்ட்னஸைத் தாராளமாகக் கூட்டிவிடுவேன். அந்த நோடில் வேறெதுவும் செய்வதில்லை. அப்புறம் ஆல்ட்டும் ஓவும் அழுத்தினால் அவுட்சைடு நோடு வரும். விண்டோவுக்கு வெளியே இருப்பதெல்லாம் அதன் கையில். அங்கே வெளிச்சத்துக்கான கெயினை 1.00இலிருந்து 0.80க்கும், நிற அடர்த்திக்கான சாச்சுரேஷனை 50இலிருந்து 40க்கும் இறக்கினால் போதும். வட்டம் இருப்பதே தெரியாது, ஆனால் பார்க்கிறவர் கண் தானாக மாமனிடம் போகும். 0.80க்குக் கீழே நான் போவதில்லை. வீடியோவைப் போனில் சுருக்கி அனுப்பும்போது இருட்டான ஓரங்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன. இங்கே கல்யாண வீடியோவைப் பெரிய டிவியில் பார்க்கிறவர்களைவிட போனில் பார்க்கிறவர்கள்தான் அதிகம்.

ஆள் நகரும்போது விண்டோவும் கூடவே நகர டிராக்கர் இருக்கிறது. இதில் ஏழெட்டு மாதம் நான் பட்ட பாடு முழுக்க என் அறியாமையால் வந்தது. டிராக் எங்கேயாவது சறுக்கும். அந்த இடத்தில் விண்டோவை இழுத்துச் சரிசெய்வேன். திரும்ப ஓட்டிப் பார்த்தால், ஒழுங்காக இருந்த இடமெல்லாம் கெட்டிருக்கும். டிராக்கரின் மேலே கிளிப், ஃபிரேம் என்று இரண்டு சின்னப் பொத்தான்கள் உண்டு. கிளிப்பில் இருந்தால் நாம் செய்யும் திருத்தம் முழு ஷாட்டுக்கும் போகும். ஃபிரேமுக்கு மாற்றினால்தான் அந்த இடத்தில் மட்டும் ஒரு கீஃபிரேம், அதாவது அந்த ஃபிரேமுக்கான தனிக் குறி, விழும். மூன்று வருடம் கழித்துத் தெரிந்திருந்தால் வேலையையே விட்டிருப்பேன்.

எல்லைப்புறத்துக்கே உரிய தொல்லை ஒன்றும் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் வெள்ளை முண்டு, வெள்ளைச் சட்டை. பெண்கள் எல்லோரும் தங்கக்கரை போட்ட வெளிர்நிறக் கசவுச் சேலை. டிராக்கர் என்பது விண்டோவுக்குள் இருக்கிற வெளிச்ச வித்தியாசங்களைப் பிடித்துக்கொண்டு போகிற ஒன்று. வெள்ளைச் சட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு வெள்ளைச் சட்டை உரசிப் போனால் எந்த டிராக்கரும் ஆளை மாற்றிவிடும். ஒருமுறை மாமனில் தொடங்கிய வெளிச்சம் சமையல்காரரோடு பந்திக்குப் போய்விட்டது. இப்போது முதலில் மீசை, கண்ணாடி, சந்தனக் குறி என்று அடையாளமுள்ள இடத்தில் விண்டோவைச் சின்னதாக வைத்து டிராக் செய்கிறேன். அது முடிந்தபின் கிளிப் நிலையிலேயே விண்டோவைப் பெரிதாக்கினால் ஷாட் முழுக்கப் பெரிதாகிவிடும். அன்று என்னைப் படுத்திய அதே கிளிப் பொத்தான்தான். பட்டுச்சேலைக் கூட்டத்தில் இந்தப் பிரச்சினை பாதிகூடக் கிடையாது.

கல்யாணப் பத்திரிகையில் தேதியை மட்டும் மஞ்சள் மார்க்கரால் இழுத்தது போலக் காட்டச் சொல்வார்கள். அது சுலபம். டைம்லைனில் பத்திரிகைப் படத்துக்கு மேல் அடுக்கில் மஞ்சள் சாலிட் கலர் (வெறும் நிறப் பட்டை) ஒன்றை வைத்து, கீழே உள்ள படத்தோடு அது கலக்கும் விதமான காம்போசிட் மோடை மல்டிப்ளையாக்கி (பெருக்கல்), வலது பக்கத்தை வெட்டும் கிராப்பைக் கீஃபிரேம் போட்டுத் திறந்தால் மார்க்கர் ஓடும். வெள்ளைத் தாள் மஞ்சளாகும், கறுப்பு எழுத்து கறுப்பாகவே நிற்கும். ஆனால் சிவப்பு அட்டையில் தங்க எழுத்து என்றால் ஒன்றும் தெரியாது. சிவப்பை மஞ்சளால் பெருக்கினால் சிவப்புதான் வரும். அப்படிப்பட்ட பத்திரிகைக்கும் மாமன் வைத்தியம்தான், சுற்றி இருட்டு. பத்திரிகையின் நாலு மூலையில் மஞ்சள் தடவுகிற வழக்கம் நமக்கு இருக்கும்போது இந்த மார்க்கர் எதற்கு என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. கேட்பவர்களிடம் சொல்வதில்லை.

ஸ்டூடியோ பதிப்பு 295 டாலர், ஒருமுறை கட்டினால் போதும். பாலக்காட்டில் ஒரு நண்பரிடம் இருக்கிறது. அதில் மேஜிக் மாஸ்க் என்று ஒன்று. ஆளின் மேல் ஒரு கோடு இழுத்தால் அந்த உருவத்தை மட்டும் பிரித்தெடுக்கும். வட்டமே தேவையில்லை. பார்த்து ஏக்கமாகத்தான் இருந்தது. ஆனால் என் 8 ஜிபி கம்ப்யூட்டர் எஃபெக்ட் செய்யும் ஃப்யூஷன் பக்கத்தைத் திறந்தாலே மூச்சு வாங்குகிறது. முதல் செலவு அதற்குத்தான்.

அதுவரை, சரியாக வந்த அந்த இரண்டு நோடையும் கேலரியில் பவர்கிரேடாகச் சேமித்து வைத்திருக்கிறேன். புது ப்ராஜெக்டில் அதைப் போட்டு, விண்டோவை ஆள் மேல் நகர்த்தி, டிராக் செய்தால் வேலை முடிந்தது. அதற்கு நான் வைத்திருக்கிற பெயர் 'நகைக்கடை மாமா'.