மூட் ட்ராக்கர் ஆப் செய்யப்போற புள்ளைங்களுக்கு: கிளவுட் ஏஐயா, போனுக்குள்ள இருக்கிற சின்ன மாடலா?

ஏஐ வெச்சி மூட் ட்ராக்கர் (தினம் மனசு எப்பிடி இருக்குன்னு பதியிற ஆப்) செய்யணும்னு பைனல் ப்ரொஜெக்ட்டுக்கு எடுக்கிற தம்பி தங்கச்சிமார் கடைசியில வந்து நிக்கிற இடம் ஒன்னுதான். ஜெமினி, ஓப்பன்ஏஐ மாதிரி கம்பெனி ஏஐகிட்ட நெட் வழியா கேட்டுப் பதில் வாங்கிற ஏபிஐய கூப்பிடுறதா (அதுதான் கிளவுட் வழி), இல்லாட்டி சின்னதா ஒரு மாடல நாமளே ட்ரெயின் பண்ணி போனுக்குள்ள வெக்கிறதா? ஹட்டன் பக்கம் நாங்க கொஞ்சப் பேர் சேந்து ஃப்ளட்டர்ல (ஆப் கட்டுற ஒரு டூல்) செஞ்சது ரெண்டாவது வழி. அதனால அந்தப் பக்கம் சாஞ்சிதான் எழுதுறேன், அத வெச்சிக்கிட்டே படிங்க.

கிளவுட்டோட நல்லது எல்லாருக்கும் தெரியும். ஒரு பின்னேரத்துல டெமோ ரெடி, தமிழும் சிங்களமும் இங்கிலீஷும் கலந்து அடிச்சாலும் புரிஞ்சிக்கும், ஆறுதலா நாலு வரி பதிலும் சொல்லும், பேனல்ல இருக்கிறவங்களுக்கும் பாத்ததும் புடிக்கும். கெட்டதும் தெரிஞ்சதுதான், ஒருத்தரோட மனசு விஷயம் வேற எங்கயோ இருக்கிற சர்வருக்குப் போகுது, நம்ம நாட்டு 2022ம் ஆண்டின் 9ம் இலக்க தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல உடல்நல விவரம் எல்லாம் தனியா கவனிக்க வேண்டிய வகையில வருது. தோட்டத்து மேல் டிவிஷன்ல சிக்னல் இல்லாத பிரச்சினைய ரெண்டு வழியிலயும் சமாளிக்கலாம்.

நான் முடிவெடுத்தது வேற ஒரு விஷயத்த வெச்சி. மார்க்ஸ் வந்ததுக்குப் பிறகு இந்த ஆப்ப யாரு ஓட வைக்கிறது?

மூட் ட்ராக்கர் முதல் வாரத்துல ஒன்னுமே சொல்லாது. ரெண்டு மூணு மாசம் பதிஞ்சாத்தான் தூக்கம் குறைஞ்ச அடுத்த நாள் மனசு எப்பிடி இருக்கு, சம்பளத்துக்கு முந்தின வாரம் எப்பிடின்னு எல்லாம் தெரிய வரும். அந்த நேரம் பாத்துதான் ப்ரொஜெக்ட் முடிஞ்சி எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போயிருப்பாங்க. கிளவுட் வழியில என்ன ஆகும்னு பாருங்க. ஏபிஐ கீய (ஏபிஐ பாவிக்கத் தார ரகசியக் குறி) ஆப்புக்குள்ள வெக்க ஏலாது, ஏபிகேய (ஆப் இன்ஸ்டோல் ஃபைல்) பிரிச்சி யாரும் எடுத்துருவாங்க, அதனால நடுவுல ஒரு சர்வர் வேணும். கூகிளோட ஃபயர்பேஸ் ஃபங்ஷன்ஸ்ல போடலாம்னு போனா அதுக்கு பிளேஸ்ங்கிற, பாவிச்ச அளவுக்குக் கட்டுற பிளான் வேணும், பிளேஸ்னா காட் நம்பர் குடுக்கணும், நம்ம புள்ளைங்க எத்தனை பேர்கிட்ட டொலர்ல கட்டுற காட் இருக்கு? சரி, ரெண்டர்ங்கிற ஹோஸ்டிங்ல ஃப்ரீயா போடலாம்னா 15 நிமிஷம் யாரும் தொடலைன்னா அது தூங்கிரும், திரும்ப எழும்பற வரைக்கும் ஆப் சுத்திக்கிட்டே நிக்கும். டேட்டாபேஸ் தார சுபாபேஸ்ல ஃப்ரீ ப்ரொஜெக்ட் ஒரு வாரம் சும்மா கிடந்தா நிறுத்திருவாங்க, லீவுக்கு வீட்டுக்குப் போயிட்டு வந்தா போதும்.

இதெல்லாம் சமாளிச்சாலும் மாடலே ஓய்வு பெறும். ஓப்பன்ஏஐல டெக்ஸ்ட்-டாவின்சி-003ன்னு ஒரு மாடல் இருந்திச்சி, 2024 ஜனவரி 4ந்திகதி மூடிட்டாங்க, அந்தப் பேர கோட்ல எழுதி வெச்ச ஆப் எல்லாம் யாராவது மாத்திக் குடுத்தாத்தான் திரும்ப ஓடும். அதோட தமிழுக்கு டோக்கன் (மாடல் எழுத்த உடைச்சி எண்ணுற துண்டு, பில்லும் அத வெச்சித்தான்) கூடப் போகும். ஜிபிடி-4ஓ வந்த 2024 மே மாசம் ஓப்பன்ஏஐ காட்டின உதாரணத்துல ஒரு தமிழ்ப் பகுதி 116 டோக்கன்ல இருந்து 35க்கு இறங்கியிருந்திச்சி, அப்ப அதுக்கு முந்தி நாம எவ்வளவு கூட கட்டியிருக்கோம்னு யோசிங்க. இப்ப விலை குறைவுதான், ஆனா பில் டொலர்ல, 2022ல 200 ரூபா சொச்சமா இருந்த டொலர் 360 வரைக்கும் ஏறினத நம்ம வீடுகள்ல யாரும் மறக்கல.

போனுக்குள்ள வெச்சா இந்தத் தலைவலி ஒன்னும் இல்ல. எஸ்கியூலைட்ல (போனுக்குள்ளயே இருக்கிற சின்ன டேட்டாபேஸ்) ஒரு டேபிள், அஞ்சு முகம், தூங்கின மணித்தியாலம், ஒரு வரி குறிப்பு. சராசரி பாக்கிறதுக்கு ஏஐயே தேவையில்ல. அந்த ஒரு வரிய வகைப்படுத்தத்தான் மாடல், அதையும் கூகிள் கொலாப்ல சைக்கிட்-லேர்ன்ங்கிற பைத்தன் லைப்ரரி வெச்சி லொஜிஸ்டிக் ரிக்ரஷன்ல (வகை பிரிக்கிற எளிய முறை) ட்ரெயின் பண்ணி, வந்த எடைகள (ஒவ்வொரு துண்டுக்கும் மாடல் குடுக்கிற எண்) ஜேசன் ஃபைலா ஆப்புக்குள்ள போட்டோம், ஃப்ளட்டரோட மொழியான டார்ட்ல பெருக்கிக் கூட்டுற ஒரு லூப்தான் மிச்ச வேலை. முழுச் சொல்ல எடுக்காம எழுத்துத் துண்டுகள எடுங்க, இது முக்கியம். ஏன்னா கவலைங்கிறத இங்கிலீஷ் எழுத்துல அடிக்கும்போது ஆளுக்கொரு ஸ்பெல்லிங், துண்டு துண்டா பாத்தா எல்லாம் ஒரே பக்கம் வந்து சேரும். லேபலும் நாங்களே உக்காந்து போட்டோம், "அம்மாவுக்கு இன்னைக்கும் அரப்பேருதான்"னு (அரைநாள் சம்பளம்தான்னு அர்த்தம்) ஒரு வரி வந்தா அது எந்தப் பக்கம்னு லயத்துல வளந்த புள்ளைக்கு யாரும் சொல்லித் தர வேணாம்.

குறையும் இருக்கு. நீளமா எழுதினா தடுமாறும், கிண்டல் புரியாது. எங்க டேட்டா பெரும்பாலும் எங்க வயசுக்காரங்களோடது, பெரியவங்க எழுதுறதுல எப்பிடி வேலை செய்யும்னு நான் உறுதியா சொல்ல மாட்டேன், ஐபோன் பக்கம் நாங்க போகவே இல்ல. போன் தொலைஞ்சா எல்லாம் போச்சி, அதனால ஃபைலா எடுத்து வெக்க ஒரு வழி கட்டாயம் போடுங்க. வீட்டுல ஒரே போன் நாலு கை மாறும், பின் லொக்கும் வேணும்.

உங்க ப்ரொஜெக்ட்டுக்கு பேசுற ஏஐதான் உயிர்னா கிளவுட் எடுங்க, வேணாங்கல. அப்ப மாடல் பேர சர்வர் கான்ஃபிக்ல வைங்க, ஆப்புக்குள்ள எழுதாதீங்க, முழு டயரிய அனுப்பாம வாரச் சுருக்கத்த மட்டும், அதுவும் கேட்டுட்டு அனுப்புங்க.

எந்த வழியில போனாலும் ஒன்ன ஏஐகிட்ட விடாதீங்க. பிஎச்க்யூ-9ங்கிற மனச்சோர்வு பாக்கிற ஒன்பது கேள்விகள சேக்கிறதா இருந்தா ஒன்பதாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்துற எண்ணத்தப் பத்தினது, அதுக்கு "இல்ல"ங்கிறதத் தவிர எந்தப் பதில் வந்தாலும் தேசிய மனநல நிறுவனத்தோட 1926 நம்பர் பட்டனா வந்து நிக்கணும், மாடல் என்ன சொல்லுதுன்னு காத்திருக்கக் கூடாது. டேட்டாவ ஓஃப் பண்ணிட்டு அமத்திப் பாருங்க, டயலர் நேரா தொறக்குதான்னு பாத்த பிறகு ஏபிகேய மத்தவங்களுக்கு அனுப்புங்க.