கசிவுக்குழியா, உறைக்கிணறா?

வீடுகள் பெருகும் பகுதியில் மண் தெரிந்த இடமெல்லாம் சிமெண்டுக்குள் போகிறது. ஆளுக்கொரு போர்வெல் இறங்குகிறது. நீர் உள்ளே போகும் வழி அடைபட, உறிஞ்சும் வழி மட்டும் கூடிக்கொண்டே போகிறது. அதனால் வீட்டின் நீர்த் தேவைக்கு வழி தேடியபோது, போர்வெல்லை இன்னும் ஆழமாக்கும் யோசனையை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் அதையே செய்வார், நீர்மட்டம் மேலும் இறங்கும், அவ்வளவுதான். மாடியில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடிப்பது நல்லதுதான். ஆனால் தொட்டி நிறைந்தபின் பெய்வதெல்லாம் தெருவுக்குத்தான். அந்த நீரை மண்ணுக்குள் இறக்க மிஞ்சிய வழிகள் இரண்டு: ஜல்லியும் மணலும் நிரப்பிய கசிவுக்குழி, சிமெண்ட் வளையங்களை (உறைகளை) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கும் உறைக்கிணறு. எங்கள் வீட்டில் உறைக்கிணறுதான் இறக்கினோம்.

குழிக்குச் செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் கொள்ளளவைப் பாருங்கள். 100 சதுர மீட்டர் மாடியில் 20 மி.மீ. மழை விழுந்தால் 2,000 லிட்டர். ஒரு மீட்டர் நீள அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள குழியில் ஜல்லியும் மணலும் போட்டபின் தேறுவது சுமார் 500 லிட்டர் இடம். கொட்டுகிற மழைக்கு அது எந்த மூலைக்கு? 1.2 மீட்டர் விட்டமும் 6 மீட்டர் ஆழமும் உள்ள கிணறு, காலியாக இருந்தால், 6,000 லிட்டருக்கு மேல் வாங்கி வைத்து நிதானமாக மண்ணுக்குள் விடும்.

இதைவிட என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. மாடி நீரோடு தூசி, சருகு, பறவை எச்சம் எல்லாம் வரும். குழியில் அந்த வண்டல் மணலின் மேல் மெழுகிவிட்டது போலப் படியும். அடைத்துக்கொண்டது வெளியே தெரியாது. மேலே புல் முளைத்திருக்கும், நீர் பக்கவாட்டில் வழிந்து போகும், வீட்டுக்காரர் சேமிப்பதாகவே நம்பிக்கொண்டிருப்பார். மேல் மணலை அவ்வப்போது சுரண்டி மாற்றினால் சரி. விட்டுவிட்டால் வண்டல் ஜல்லி வரை இறங்கிவிடும். அப்புறம் மொத்தத்தையும் அள்ளிக் கழுவித்தான் போட வேண்டும். எத்தனை பேர் செய்வார்கள்?

கிணறு எதையும் மறைக்காது. மழை விட்ட மறுநாள் மூடியைத் திறந்து டார்ச் அடித்து, நீர் எத்தனை உறை இறங்கியிருக்கிறது என்று எண்ணிவிடலாம். முன்பு ஒரே இரவில் இரண்டு உறை இறங்கிய நீர் இப்போது அரை உறைதான் இறங்குகிறது என்றால், தூர் வாரும் நேரம் வந்துவிட்டது. குழாய் கிணற்றில் சேரும் இடத்துக்கு முன் சின்ன வண்டல் தொட்டி ஒன்று கட்டி, மழைக்காலத்துக்கு முன் அதை வழித்துவிட்டால் அந்த வேலையும் பாதியாகும். ஆனால் மூடிக் கிடந்த கிணற்றில் காற்று கெட்டிருக்கும். ஆளை இறக்காமல் சேறு இழுக்கும் மோட்டாரை வைத்து மேலிருந்தே வாருங்கள்.

எங்கள் மண் மணற்பாங்கானது. கெட்டிக் களிமண்ணில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. அங்கே நீர் இறங்கும் அடுக்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தோண்டிப் பார்த்தபிறகே முடிவு செய்ய வேண்டும். நீர்மட்டம் ஏற்கெனவே மேலே இருக்கிற இடத்திலும், கழிவுநீர்த் தொட்டியை விட்டுத் தள்ளி அமைக்க இடமில்லாத மனையிலும் கிணறு வேண்டவே வேண்டாம்.