நுவரெலியா பழைய ஆபீஸ் பில்டிங், இப்ப யாரும் வந்து ஒக்காந்து வேல செய்ற பொது எடம் (கோ-வர்க்கிங்)

50கள்ல கட்டுன ரெண்டு மாடி ஆபீஸ், இடிச்சிருவாங்கன்னுதான் நெனச்சோம், ஆனா செவுரு, படிக்கட்டு, பலக தரை எல்லாத்தயும் அப்பிடியே வச்சிக்கிட்டு உள்ளுக்கு மட்டும் மாத்தியிருக்காங்க, அதுக்கே பெரிய நன்றி சொல்லணும். இடிச்சி புதுசா கட்டுனா எவ்வளவு சிமெந்து, கம்பி போயிருக்கும்!

எனக்கு ரொம்ப புடிச்சது ஜன்னல். பழைய தேக்கு சட்டத்த தூக்கிப்போடாம சுரண்டி எண்ண வச்சி, ஓரத்துல ரப்பர் ஒட்டி, ரெண்டு கண்ணாடி போட்டிருக்காங்க. 1868 மீட்டர் ஒசரத்துல ஏசி எதுக்கு, குளிர் உள்ளுக்கு வராட்டி போதும். ஜனவரி காலையிலயும் வெரல் வெறைக்காம டைப் பண்ணலாம். அஸ்பெஸ்டஸ் கூரையயும் ஒடைக்காம, தண்ணி அடிச்சி நனைச்சி, முழு ஷீட்டாவே கழட்டுனாங்களாம். தூசு பறந்தா நுரையீரலுக்கு ஆபத்து, அதனால இதுதான் சரியான மொற.

வைஃபை நல்ல ஸ்பீட், கரண்ட் போனாலும் சோலார் பேட்டரி தாங்குது. கொற என்னன்னா மேல் மாடில யாராச்சும் நடந்தா கீழ டொக்கு டொக்குன்னு கேக்குது, மீட்டிங் ரூமும் ஒன்னுதான், லிஃப்ட் இல்ல, வயசானவங்களுக்கு கஷ்டம். லிஃப்ட் கட்டாயம் போடணும்.

பக்கத்துல கந்தப்பளைல பழைய டீ பெக்டரிய 1996ல ஹோட்டலா மாத்துனது மாதிரி, இது நம்ம புள்ளைங்க கொழும்புக்கு ஓடாம இங்கயே ஒக்காந்து வேல செய்ய ஒரு எடம். காலையிலயே போங்க, ஜன்னலோர மேச சீக்கிரம் நெறஞ்சிருது.