ஓர் ஆணி, இரண்டு படம்: ஆரனா, பாண்ட்ஸா?

புது வாடகை வீட்டின் ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் ஒரு வரி சேர்த்திருந்தார்: சுவரில் அடிக்கும் ஒவ்வொரு ஆணிக்கும் முன்பணத்தில் பிடித்தம். நல்லவேளையாக, என் மேசைக்கு மேலே யாரோ முன்பே அடித்துவிட்டுப் போன ஆணி ஒன்று இருந்தது. மாட்ட வேண்டிய படங்கள்தான் இரண்டு. இரண்டும் பேஸ்பால் படங்கள். ஒன்றில் பாரி பாண்ட்ஸ் மட்டையைச் சுழற்றி முடித்துவிட்டு, பந்து போகிற திசையைப் பார்த்து நிற்கிறார். இன்னொன்று 1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில் எடுத்தது. ஹேங்க் ஆரன் 715-வது ஹோம் ரன்னை அடித்துவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறார். வேலி தாண்டிக் குதித்த இரண்டு இளைஞர்கள் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே கூட ஓடுகிறார்கள்.

நான் 2003-இல் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் வந்தவன். பாண்ட்ஸ் ஆடிய உள்ளூர் அணியான ஜயண்ட்ஸின் ரசிகன். ஊர்ப் பாசப்படி பாண்ட்ஸைத்தான் மாட்டியிருக்க வேண்டும். ஒரு வாரம் யோசித்து ஆரனை மாட்டினேன். சான் ஹோசேயில் இருக்கும் மதுரைக்கார நண்பன் ஏன் என்று கேட்டான். அவன் கேட்ட விதத்தை இங்கே எழுத முடியாது. அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் நாகரிகப்படுத்தி எழுதுகிறேன்.

ஹோம் ரன் என்பது ஏறக்குறைய நம்முடைய சிக்ஸர். வாழ்நாளில் யார் அதிகம் அடித்தார் என்பது இந்த நாட்டு விளையாட்டில் கிட்டத்தட்ட ஒரு பட்டாபிஷேகம். பழைய காலத்து நாயகன் பேப் ரூத் 714. அதை உடைத்து ஆரன் 755. அதையும் உடைத்து பாண்ட்ஸ் 762. வெறும் எண்ணிக்கை என்றால் பாண்ட்ஸ்தான், பேச்சே இல்லை. அதுவும் ஆரனைவிட 312 ஆட்டங்கள் குறைவாக ஆடி அடித்தது. திறமையையும் சேர்த்துப் பார்த்தால், 500 ஹோம் ரன்னும் 500 ஸ்டீலும் (எதிரணி அசந்த நேரத்தில் ஆடுகளத்தின் அடுத்த நிலைக்கு, அதாவது அடுத்த பேஸுக்கு, ஓடிவிடுவது) உள்ள ஒரே ஆள் பாண்ட்ஸ். ஏழு முறை எம்.வி.பி., அதாவது ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. இந்த மாதிரிக் கணக்குகளில் நான் நண்பனோடு சண்டை போடுவதில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாண்ட்ஸை நேரில் பார்த்திருக்கிறேன். ஆரனைப் பார்த்ததில்லை, அவர் ஆடி முடித்தது 1976-இல், என்னிடம் இருப்பதெல்லாம் மங்கலான பழைய காட்சிகள்தான்.

2004-இல் பாண்ட்ஸைப் பார்ப்பது என்றால் முக்கால்வாசி நேரம் அவர் அடிக்காமல் நடந்து போவதைப் பார்ப்பது. எதிரணிக்கு அவ்வளவு பயம். பந்தை மட்டைக்கு எட்டாத தூரத்தில் நாலு முறை போட்டு, 'சாமி, நீங்க முதல் பேஸுக்கே போங்க' என்று அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு சீசனில் மட்டும் வேண்டுமென்றே 120 முறை அப்படி அனுப்பினார்கள். இந்த ஊரில் பயந்தாங்கொள்ளியைக் கோழி என்பார்கள். அதனால் ரசிகர்கள் மஞ்சள் நிற ரப்பர் கோழிகளோடு வருவார்கள். ஒவ்வொரு முறை அவரை நடக்க விடும்போதும் ஒரு கோழியைத் தூக்கி ஆட்டுவார்கள், அல்லது சுவரில் தொங்கவிடுவார்கள். நானும் ஒரு கோழி வாங்கினேன். அழுத்தினால் கீச்சென்று கத்தும். வலது பக்கச் சுவருக்கு அந்தப் புறம் கடல் நீர். படகில் காத்திருப்பவர்கள், பந்து தண்ணீரில் விழுந்தால் துடுப்பைப் போட்டு விரைவார்கள். அந்த ஸ்டேடியத்தில் அவர் மட்டை பிடித்து நிற்கும்போது வரும் அமைதியை வேறு எந்த ஆட்டக்காரருக்கும் நான் கேட்டதில்லை. பீர் விற்கிறவர்கூட நின்றுவிடுவார்.

சரி, மறுபக்கம். விமான நிலையம் போகும் வழியில் பர்லிங்கேம் என்று ஒரு சின்ன ஊர். அங்கேதான் பால்கோ என்ற ஊட்டச்சத்து நிறுவனம் இருந்தது. 2003 செப்டம்பரில் அதிகாரிகள் அங்கே சோதனை போட்டார்கள். சோதனையில் சிக்காத ஸ்டெராய்டு ஒன்று, தோலில் பூசும் களிம்பு ஒன்று என்று விஷயம் வெளியே வந்தது. அந்த டிசம்பரில் கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குழு) முன் பாண்ட்ஸ் சாட்சி சொன்னார். தன் பயிற்சியாளர் கொடுத்ததை ஆளி விதை எண்ணெய் என்றும் மூட்டு வலிக் களிம்பு என்றும் நினைத்ததாகச் சொன்னார் என்பது பிறகு பத்திரிகையில் வந்தது. 2011-இல் நீதியைத் தடுத்ததாக ஒரே ஒரு குற்றச்சாட்டில் தண்டனை. 2015-இல் மேல்முறையீட்டில் அதுவும் ரத்து. தெரிந்தே எடுத்தேன் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. ஊக்க மருந்துக்காக லீக் அவரை ஒரு நாள்கூட ஆடாமல் நிறுத்தியதும் இல்லை.

நண்பனின் வாதங்களில் பாதி எனக்கும் சம்மதமே. 1991-லேயே ஸ்டெராய்டு கூடாது என்று லீக் தலைவரான கமிஷனர் சுற்றறிக்கை அனுப்பினார், ஆனால் சோதனை கிடையாது. பெயர் சொல்லாத மாதிரிச் சோதனையே 2003-இல்தான். தண்டனையோடு கூடிய சோதனை அதற்கும் அப்புறம். 1994 வேலைநிறுத்தத்தில் சீசனின் இறுதிப் போட்டியான உலகத் தொடரே ரத்தாகி, கோபத்தில் போன கூட்டம் 1998-இல் திரும்பி வந்தது மார்க் மெக்வயர் 70, சாமி சோசா 66 அடித்த வேடிக்கையைப் பார்க்கத்தான். அப்போது கல்லா நிரம்புகிறதே என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். பந்து வீசியவர்களில் எத்தனை பேர் ஊசி போட்டார்களோ. அந்தக் காலம் முழுக்கத் தலைமைப் பொறுப்பில் இருந்த பட் சீலிக் 2017-இல் பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போய்விட்டார். பாண்ட்ஸ் பத்து வருடம் வாக்குப் பட்டியலில் நின்று, 2022-இல் கடைசி வாய்ப்பில் 66 சதவீதம் வாங்கி, தேவையான 75-ஐத் தொடாமல் வெளியே நிற்கிறார். கடையைத் திறந்து வைத்தவருக்கு மாலை, சரக்கு வாங்கியவருக்குக் கதவடைப்பு. இதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

ரொம்ப நாள் நான் வயதைத்தான் பெரிய ஆயுதமாக வைத்திருந்தேன். 1998 முடிவில் பாண்ட்ஸுக்கு வயது 34, கணக்கில் 411. அதற்குப் பிறகு 351. 1998 வரை ஒரு சீசனில் 46-ஐத் தாண்டாதவர், 2001-இல் 37 வயதில் 73 அடித்தார். யாருக்கு அப்படி நடக்கும் என்று கேட்பேன். நண்பன் ஒருநாள் சிரித்துக்கொண்டே, 'உங்க ஆள் ஒரு சீசனில் அதிகமா அடிச்சது எப்போ, பாரு' என்றான். பார்த்தேன். 1971, 47 ஹோம் ரன், வயது 37. அட்லாண்டா ஸ்டேடியம் கொஞ்சம் உயரமான இடத்தில் இருந்தது, பந்து பறக்கும், ராக்கெட் ஏவுதளம் என்றே பட்டப்பெயர், என்றெல்லாம் சமாளித்தேன். 47-க்கும் 73-க்கும் உள்ள தூரம் சாதாரணமில்லைதான். ஆனாலும் அந்த ஆயுதத்தின் முனை மழுங்கிவிட்டது. ஆரனும் முழுக்கத் தூய்மை இல்லை: ஒரே ஒரு முறை கிரீனி எனப்படும் ஆம்ஃபெட்டமின் மாத்திரையை விழுங்கியதாகத் தன் சுயசரிதையில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் எதை வைத்து முடிவெடுத்தேன்? பராமரிப்புச் செலவை வைத்து.

பழைய கார் வாங்குகிறவன் விலையை மட்டுமா பார்ப்பான்? மாதாமாதம் எவ்வளவு தின்னும் என்று கேட்பான். ஒரு நாயகனைச் சுவரில் மாட்டுவதும் அப்படித்தான். என் மகளுக்கு ஒன்பது வயது. இரவுச் சாப்பாட்டின்போது, அதிகமான ஹோம் ரன் யார் என்று கேட்டாள். 'பாண்ட்ஸ்மா, ஆனா...' என்று ஆரம்பித்தேன். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் பால்கோ வந்தது, களிம்பு வந்தது, ஆளி விதை எண்ணெய் வந்தது, அப்போது சோதனை இல்லை என்பது வந்தது, மற்றவர்களும் செய்தார்கள் என்பது வந்தது. 'மத்தவங்க செஞ்சா நாமளும் செய்யலாமா?' என்றாள். அது நான் அவளிடம் வாரம் இரண்டு முறை கேட்கிற கேள்வி. தோசை ஆறிவிட்டது.

இந்தச் செலவு எனக்கு மட்டுமில்லை, அந்தப் பந்துகளுக்கும் உண்டு. மெக்வயரின் 70-வது பந்து 1999-இல் சுமார் 30 லட்சம் டாலருக்குப் போனது. அதைவிடப் பெரிய சாதனையான பாண்ட்ஸின் 73-வது பந்துக்கு, பிடித்த இருவர் நீதிமன்றம் வரை போய்ச் சண்டை போட்டார்கள். பாதிப் பாதி என்று தீர்ப்பாகி 2003-இல் ஏலம் விட்டபோது கிடைத்தது நாலரை லட்சம். ஸ்டெராய்டுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பால்கோ சோதனை நடந்தது அந்த ஏலத்துக்கு அப்புறம்தான். மூன்றே வருடத்தில் சாதனை உடைந்ததைப் பார்த்ததும் சேர்ந்திருக்கும். ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். ஆரனைத் தாண்டிய 756-வது பந்தை 2007-இல் மார்க் எக்கோ என்ற உடை வடிவமைப்பாளர் 7,52,467 டாலருக்கு வாங்கினார். என்ன செய்யலாம் என்று இணையத்தில் வாக்கெடுப்பு வைத்தார். சந்தேகத்துக்குரிய சாதனை என்று காட்டும் நட்சத்திரக் குறியைப் போடு என்று ஜனங்கள் சொன்னார்கள். கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்துக்கு அந்தப் பந்து போனது தோலில் வெட்டிய அந்தக் குறியோடுதான். வாழ்நாள் சாதனையின் கடைசிப் பந்து, அந்த 762-வது, 2008-இல் நாலு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஆரன் ஜட்ஜ் என்ற இன்றைய ஆட்டக்காரர் 2022 சீசனில் அடித்த 62-வது பந்து 15 லட்சம். 73-ஐவிடப் பதினொன்று குறைவு, இருந்தும் அதற்குக் கொடுக்க ஆள் இருந்தது. அந்தப் பந்தோடு விளக்கவுரை எதுவும் சேர்ந்து வரவில்லை என்பதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆரனுக்கு விளக்கம் தேவைப்படாதா என்றால், தேவைப்படும். மகளிடம் அதையும் சொன்னேன். 1973 சீசன் 713-இல் முடிந்தது. ரூத்தைத் தொட ஒன்று பாக்கி. ஒரு கறுப்பர், வெள்ளையரான ரூத்தைத் தாண்டுவதா என்று கொதித்தவர்கள் எழுதிய கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. அந்த ஆண்டு அவருக்கு வந்த கடிதங்கள் மொத்தம் ஒன்பது லட்சத்துக்கும் மேல். வாழ்த்துகளும் ஏராளம், ஆனால் கொன்றுவிடுவோம் என்றவையும் அதில் இருந்தன. காவலுக்கு ஆள் வைத்துக்கொண்டு ஆடினார். 715-ஐ அடித்துவிட்டு வந்தவரை அவருடைய அம்மா ஓட்டம் முடிகிற ஹோம் பிளேட்டில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். என் படத்தில் கூட ஓடுகிற அந்த இரண்டு இளைஞர்களை இப்போது பார்த்தால் சிரிப்பு வரும். அந்த இரவில், அந்த மிரட்டல்களுக்கு நடுவே, பின்னாலிருந்து யாரோ ஓடி வருவது அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்தக் கடிதங்களை அவர் எறியவில்லை, பல ஆண்டுகள் வைத்திருந்தார் என்றதும் மகள் ஏன் என்றாள். மறக்கக் கூடாது என்று வைத்திருந்தார் என்றேன். இந்தக் கதைக்கும் தோசை ஆறியது. ஆனால் இதில் தலைகுனிய வேண்டியவன் கடிதம் எழுதியவன். நான் யாருக்கும் வக்கீல் வேலை பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஆட்டமும் அதே மாதிரி சத்தமில்லாதது. ஒரு சீசனில்கூட ஐம்பதைத் தொட்டதில்லை. 1955 தொடங்கி 1974 வரை இருபது வருடம், ஒன்று விடாமல், இருபது அல்லது அதற்கு மேல். 755-ஐயும் மொத்தமாகக் கழித்துவிட்டால்கூட 3,016 ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாக ஒரு பேஸையாவது எட்டுவது) மிஞ்சும். மூவாயிரத்தைத் தொட்டாலே இங்கே கோயில் கட்டுவார்கள். தன் சாதனை உடைந்த இரவில் அவர் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வரவில்லை. ஆனால் பெரிய திரையில் அவருடைய பதிவு செய்த வாழ்த்து ஓடியது. வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன் என்ற பொருளில் நாலு வரி. குறி, கோபம், புலம்பல் எதுவும் அதில் இல்லை. வீட்டில் டிவி முன்னால் கோழியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் அதை அழுத்தவே மறந்துவிட்டேன்.

மருந்து இல்லாமல் பாண்ட்ஸ் எத்தனை அடித்திருப்பார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எவரிடமும் இருக்காது. 1998-லேயே 400 ஹோம் ரன், 400 ஸ்டீல் என்று யாரும் தொடாத இடத்தை அவர் தொட்டிருந்தார். நாடே மெக்வயரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது கண்ணில் படவில்லை. அதோடு நின்றிருந்தால் என் சுவரில் அவர்தான் இருந்திருப்பார் என்று சில நாள் நினைப்பேன். சில நாள், நின்றிருந்தால் அந்த அமைதியை நான் கேட்டிருக்கவே மாட்டேனே என்றும் நினைப்பேன்.

போன மாதம் நண்பன் வீட்டுக்கு வந்தான். மேசைக்கு மேலே பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து துணிக்குப் பின்னால் இருந்த பாண்ட்ஸை வெளியே எடுத்து, தரையில் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வைத்தான். 'இதுக்கு ஆணி வேண்டாம்ல?' என்றான். ரப்பர் கோழியைத் தேடிப் படத்தின் மூலையில் தொங்கவிட்டது என் மகள்.