சித்தேரியா, பெரிய ஏரியா? விரால் தூண்டிலுக்கு என் பதில்

செய்யாறு பக்கம் எங்கள் ஊருக்கு இரண்டு ஏரி. பெரிய ஏரி ஒன்று, அது கோடி போனால், அதாவது நிரம்பி வழிந்தால், அந்தத் தண்ணீர் ஓடிவந்து நிரப்புகிற சித்தேரி ஒன்று. பத்து வருடத்துக்கு மேலாக இரண்டிலும் தூண்டில் போட்டிருக்கிறேன். போன தை மாதத்திலிருந்து பெரிய ஏரிக்கு ராடு எடுத்துக்கொண்டு போவதை நிறுத்திவிட்டேன். அவ்வளவு பெரிய தண்ணீரை விட்டுவிட்டு முழங்கால் ஆழத்தில் போய் ஏன் நிற்கிறாய் என்று வீட்டிலும் கேட்கிறார்கள், கூட மீன் பிடிக்கிறவர்களும் கேட்கிறார்கள். உங்கள் ஊரிலும் இப்படி வற்றாத நீர்நிலை ஒன்றும் கோடையில் காய்ந்துபோகிறது ஒன்றும் இருந்தால் இந்த அலசல் உங்களுக்கும் பயன்படும். தெற்கே இருப்பவர்கள் ஏரி என்கிற இடத்தில் கண்மாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். பெரிய ஏரிக்கு வண்டி கரைமேலேயே போகும், ஆலமர நிழல் உண்டு, மதகுத் திண்டில் சௌகரியமாக உட்காரலாம். சித்தேரிக்கு வரப்பு வழியாக நடக்க வேண்டும், முள் குத்தும், நிழல் கிடையாது. அனுமதி விஷயம் இரண்டுக்கும் ஒன்றுதான். பாசனப் பரப்பு நூறு ஏக்கருக்கு மேல் உள்ள ஏரி முன்பு பொதுப்பணித்துறையிடம் இருந்தது, இப்போது நீர்வளத்துறையிடம் வருவது, அதற்குக் கீழே இருப்பது ஊராட்சி ஒன்றியம். யாருடையதாக இருந்தாலும் மீன் குத்தகை போயிருந்தால் குத்தகை எடுத்தவரிடம் கேட்காமல் தூண்டில் போடுவது திருட்டு. கேட்டால் பெரும்பாலும் விடுகிறார்கள், கேட்காமல் போய்த்தான் சண்டை வருகிறது.

சரி, மீனுக்கு வருவோம். பெரிய ஏரியின் பலம் கட்லா, ரோகு, மிருகால். ஐந்து கிலோ கட்லா தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடுவதை ஒருமுறை கையில் உணர்ந்தவர் அதை மறக்க மாட்டார், நானும் மறக்கவில்லை. ஸ்பிரிங்கில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து அடைத்து, சுற்றிலும் நாலு தூண்டில் முள் தொங்கவிட்டு எறிந்துவிட்டு, ராடில் மணி கட்டி உட்கார்ந்தால் போதும். பொறுமை இருப்பவர்களுக்கு நல்ல வேட்டை.

ஆனால் இந்த மூன்று மீனும் ஏரியில் தானாகப் பெருகுவதில்லை, ஓடுகிற வெள்ளம் வேண்டும். நின்ற தண்ணீரில் வருடக்கணக்கில் இருந்தாலும் முட்டை விடாது. 1957-இல் ஹிராலால் சௌத்ரி, அலிகுன்ஹி என்கிற மீன் விஞ்ஞானிகள் ஒடிசாவின் கட்டாக்கில் ஹார்மோன் ஊசி போட்டு இந்தக் கெண்டைகளை முட்டையிட வைத்த பிறகுதான் குஞ்சு கேட்கிற இடத்தில் கிடைக்க ஆரம்பித்தது. அந்த ஜூலை 10-ஆம் தேதியைத்தான் இன்றும் தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆக, பெரிய ஏரியில் ரோகு கிடைக்குமா என்கிற கேள்விக்கு விடை ஏரியிடம் இல்லை, போன வருடம் குத்தகைக்காரர் எத்தனை ஆயிரம் விரலி, அதாவது விரல் நீள மீன்குஞ்சு, விட்டார், எப்போது வலை இழுத்தார் என்பதில் இருக்கிறது. வலை இழுத்த மறுமாதம் போனால் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இரண்டு வருடம் எனக்கு அப்படியே ஆனது.

அப்புறம் ஜிலேபி. பெரிய ஏரியின் உண்மையான சொந்தக்காரர் இப்போது ஜிலேபிக் கெண்டைதான். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்த மீன் 1952-இல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. தாய்மீன் முட்டையை வாயிலேயே வைத்து அடைகாக்கும், குஞ்சுக்கு ஆபத்து என்றால் மறுபடி வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். பிறந்து இரண்டு மூன்று மாதத்தில் தானும் முட்டைக்குத் தயாராகிவிடும், வருடத்தில் பலமுறை விடும். வற்றாத தண்ணீரில் இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று யோசித்துப் பாருங்கள். இரைக்குப் போட்டி அதிகமாகி எல்லாம் உள்ளங்கை அளவிலேயே நின்றுபோகிறது, அந்த அளவிலேயே முட்டையும் வைக்கிறது. எங்கள் பெரிய ஏரியில் மண்புழு தண்ணீரைத் தொட்டு ஐந்து எண்ணுவதற்குள் தக்கை ஆடும், அது ஜிலேபி. மாவு போட்டாலும் ஜிலேபி. கெளுத்திக்கு அடியில் இறக்கினாலும் போகிற வழியிலேயே ஜிலேபி. குழந்தைகளுக்குத் தூண்டில் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது, என் அக்கா மகள் முதல் மீனைப் பிடித்தது அங்கேதான். வறுத்தால் ருசியும் குறைவில்லை. ஆனால் நான் தேடிப் போவது விரால்.

இந்த இடத்தில்தான் எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்த விஷயம் வருகிறது. சித்தேரி காய்கிறது. பங்குனிக் கடைசியில் நடுவில் மட்டும் குட்டையாகச் சுருங்கி, சித்திரை வைகாசியில் கோரை வேரும் ஈரச் சேறும்தான் மிச்சம். அதையே எல்லோரும் அந்த ஏரியின் குறையாகச் சொல்கிறார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். கரையில் மாடு மேய்க்கிற ஒரு தாத்தா சொன்னதுதான் என்னை வேறு மாதிரி பார்க்க வைத்தது. "ஏரி காயணும் தம்பி. காஞ்சாத்தான் நம்ம மீனு நிக்கும்" என்றார். நம்ம மீனு என்ற வார்த்தையை அன்றைக்கு நான் சரியாகக் கவனிக்கவில்லை.

தாத்தா சொன்ன நம்ம மீன் இவைதான்: விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை. எல்லாம் மேலே வந்து காற்றை மூச்சாக இழுக்கிற மீன்கள். செவுளை மட்டும் நம்பி இருப்பவை அல்ல. சொல்லப்போனால் விராலை மேலே வரவிடாமல் தண்ணீருக்கு அடியிலேயே அடைத்து வைத்தால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். பனையேறி தண்ணீரை விட்டே வெளியே நடக்கும். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்கிற டேனிஷ் அதிகாரி அது பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக எழுதிய குறிப்பு 1797-லேயே வெளியாகியிருக்கிறது. தண்ணீர் சூடாகி, கலங்கி, அதில் கரைந்த காற்று குறைந்துபோகிற சித்திரை மாதத்தில் ஜிலேபியும் ரோகுவும் வாயைப் பிளந்துகொண்டு மேலே மிதக்கும், கொக்கும் நாரையும் நீர்க்காகமும் இறங்கி இரண்டே வாரத்தில் காலி செய்துவிடும். விரால் சேற்றுக்குள் இறங்கிவிடும். ஈரம் இருக்கிற வரை அங்கே கிடக்கும். எல்லாமே பிழைப்பதில்லை, ஆனால் பிழைத்த நாலைந்து ஜோடி போதும். மழை வந்ததும் கோரைக்கு நடுவே புல்லை விலக்கி இடம் பண்ணி முட்டை விட்டு, தாயும் தகப்பனும் காவல் நிற்கும்.

இன்னொன்றும் நடக்கிறது. காய்ந்த ஏரிப் படுகையில் மூன்று மாதம் மாடும் ஆடும் மேய்கிறது, சாணி விழுகிறது, சேறு வெயிலில் வெடித்துக் காற்று வாங்குகிறது. புதுத் தண்ணீர் ஏறியதும் அந்த மண்ணிலிருந்து பச்சையும் பூச்சியும் தலைப்பிரட்டையும் கிளம்புகிற வேகம் இருக்கிறதே, அதைப் பெரிய ஏரியில் நான் பார்த்ததே இல்லை. கோடி போகிற தண்ணீரோடு வருடா வருடம் கொஞ்சம் ஜிலேபி சித்தேரிக்கும் வந்துதான் சேருகிறது. மாசிக்குள் அதுவும் குஞ்சு பொரித்துவிடுகிறது. ஆனால் அந்தக் குஞ்சு விராலுக்குத் தீனியாகிறது, மிச்சத்தைக் கோடை பார்த்துக்கொள்கிறது. அடுத்த வருடக் கணக்கு திரும்பவும் கிட்டத்தட்ட பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பிக்கும்.

இது வெறும் ஊகம் இல்லை என்று எனக்குத் தைரியம் கொடுத்தது இரண்டு பருவங்கள். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போனது நினைவிருக்கும். 2017 கோடையில் எங்கள் பெரிய ஏரியே காய்ந்து அதில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். அதற்குப் பிறகு தண்ணீர் வந்த முதல் பருவத்தில் பெரிய ஏரியின் மேற்குக் கோரையில் நான் பிடித்த விரால் அதற்கு முன்னும் பின்னும் அந்த ஏரியில் பிடித்தது எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதிகம். ஜிலேபி ஏறக்குறைய இல்லை. இரண்டு வருடம் தண்ணீர் நின்றதும் ஜிலேபி பழையபடி நிறைந்துவிட்டது. நேர்மாறாக 2021 நவம்பரில் கொட்டிய மழையில் இரண்டு ஏரியும் கோடி போனது, 2022 கோடையில் சித்தேரி காயவே இல்லை. தண்ணீர் நிற்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன். அந்த வருட ஆவணி, புரட்டாசியில் சித்தேரியில் புழு போட்டால் வந்தது எல்லாம் உள்ளங்கை ஜிலேபி. விரால் பார்ப்பு, அதாவது குஞ்சுக் கூட்டம், நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒன்று.

பார்ப்பு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வந்து மூச்சு வாங்கும், அடியில் தாய் தகப்பன் நிற்கும். அதன் மேலே தவளை லூரை, அதாவது தவளை மாதிரி செய்த போலி இரையை, இழுத்தால் கோபத்தில் கட்டாயம் அடிக்கும், பசிக்கு அடிப்பதே இல்லை. இதை வீரம் மாதிரி வீடியோ எடுத்துப் போடுகிறார்கள், பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. அந்தப் பெரிய மீனைத் தூக்கிய பிறகு சீக்கிரமே குறவையும் கெளுத்தியும் அந்தக் குஞ்சுகளை முடித்துவிடும். சித்தேரி மாதிரி சின்ன நீரில் ஒரு பார்ப்பு போவது என்பது அடுத்த வருட மீனில் பெரிய பங்கு போவது. பார்ப்பு கண்ணில் பட்டால் நான் அந்த மூலையையே விட்டுவிடுகிறேன். அரைக் கிலோவுக்குக் கீழே எது வந்தாலும் திரும்ப விடுகிறேன்.

சித்தேரியில் முறையும் வேறு. அங்கே மணி கட்டி உட்கார முடியாது, நடக்க வேண்டும். விடிந்ததும் ஒரு மணி நேரம், சாயந்திரம் வெயில் இறங்கிய பிறகு ஒரு மணி நேரம். கருவேலம் தண்ணீருக்குள் நிற்கிற இடம், அல்லி இலை ஓரம், கோரைக்கு நடுவே ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத் திறந்த தண்ணீர், இவைதான் இடம். விரால் மூச்சு வாங்கிவிட்டு இறங்கும்போது மேலே ஒரு வட்டம் விழும், அந்த வட்டத்துக்கு மேலேயே எறியாமல் ஒரு முழம் தள்ளி எறிந்து மெதுவாக இழுத்து வாருங்கள். பாசியில் மாட்டாத ரப்பர் தவளை போதும், நான் அதைத்தான் வருடம் முழுக்க வைத்திருக்கிறேன். அடித்ததும் உடனே சுண்டக் கூடாது, ஒரு மூச்சு விட்டுச் சுண்ட வேண்டும். நரம்பு மெல்லிசாக இருந்தால் கோரையில் சுற்றி அறுத்துக்கொண்டு போய்விடும், முள்ளோடு போன மீன் பிழைக்குமா என்பது சந்தேகம், அதனால் பின்னல் நரம்பே போடுங்கள். போன கார்த்திகையிலிருந்து பங்குனி வரை எனக்குக் கிடைத்தது பதினொரு விரால், பெரியது ஒன்றே முக்கால் கிலோ. அதே பருவத்தில், தையில் நிறுத்துவதற்கு முன், பெரிய ஏரிக்கு ஆறுமுறை போனேன், விரால் ஒன்று.

பெரிய ஏரிக்கு இதில் முழு நியாயம் செய்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மதகுப் பள்ளத்தில் ராத்திரி வாளைக்கு உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள், நான் அதற்கு உட்கார்ந்தது மூன்றே ராத்திரி, ஒன்றும் படவில்லை, மூன்று ராத்திரியை வைத்து ஒரு ஏரியைத் தீர்ப்பு சொல்ல முடியாது. கட்லா, ரோகுதான் உங்கள் ஆசை என்றால் சித்தேரிப் பக்கம் வரவே வேண்டாம், பெரிய ஏரிதான், ஐப்பசியில் விரலி விட்டவரிடம் பேசி வைத்துக்கொண்டு அடுத்த ஆடிக்கு மேல் போங்கள். தண்ணீர் வருடம் முழுக்க இருப்பதால் எப்போது போனாலும் ஏதாவது ஒன்று கிடைக்கும் என்கிற நிம்மதியும் அங்கேதான். சித்தேரியில் வருடத்துக்கு நாலு மாதம் எனக்குத் தூண்டில் வேலையே இல்லை.

என் கவலை இப்போது சித்தேரியின் பள்ளம். குடிமராமத்து என்கிற ஏரி சீரமைப்பு, வண்டல் மண் என்று 2017-க்குப் பிறகு பொக்லைன் இறங்கி அள்ளியதில் தென்கிழக்கு மூலையில் செங்குத்தாக ஆள் ஆழத்துக்கு ஒரு குழி விழுந்திருக்கிறது. படுகை முழுக்க ஒரே சீராக எடுத்திருந்தால் பரவாயில்லை, ஒரே இடத்தில் தோண்டிவிட்டார்கள். மற்ற இடமெல்லாம் வெடித்துக் கிடக்கும்போதும் அந்தக் குழியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது, விராலுக்கு அது நல்லதுதான், கோடையைத் தாண்ட சேற்றைவிடப் பத்திரமான இடம். ஆனால் போன வைகாசியில் போய்ப் பார்த்தபோது கரையோரம் முழுக்க முட்டை வைக்க ஜிலேபி தோண்டிய தட்டு தட்டான குழிகள், எண்ணி நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். இந்த வருடம் குத்தகைக்காரரிடம் பேசியிருக்கிறேன், சித்திரைக் கடைசியில் வீச்சுவலை போட்டு அந்தக் குழியில் இருக்கிற ஜிலேபியை எடுத்து ஊருக்குள் பிரித்துக் கொடுத்துவிடலாம், வலையில் வருகிற விராலை மட்டும் திரும்ப விட்டுவிட வேண்டும் என்று. சரி என்றிருக்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் அந்த வாரம் கைகொடுத்தால் இரண்டு நாளில் முடிந்துவிடும்.